சேலை கட்டுன மாடல் பேரு இருக்கு, அதை நெஞ்சவர் (நெய்தவர்) பேரு எங்கே?

பள்ளத்தூர்_வாசி (திரியைத் தொடங்கியவர்)

நம்ம பக்கத்துல எந்தக் கம்பெனி தயவும் இல்லாம தனியா உடுப்பு வடிவமைக்கிறவங்க, படம் எடுக்குறவங்க, பாட்டு போடுறவங்க, வரையறவங்க இப்ப நிறைய இருக்காங்க. ஆனா இன்ஸ்டாவுல 'செட்டிநாடு'ன்னு தேடிப் பாருங்க. முற்றம், தூண், சிவப்புக் கண்டாங்கிச் சேலை, தலை நிறைய மல்லிகை, ஓரத்துல ஒரு பித்தளை அண்டா. நூறு பேர் எடுத்தும் ஒரே படம்தான். நாம எதுல நின்னு பாக்குறோமோ அதையே அல்காரிதம் மறுபடி மறுபடி எடுத்துப் போடுது, புதுசா செய்யறவங்க அடியில போயிடுறாங்க.

அதனால ஒரு பக்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், வாரம் ஒருத்தர். என் கைவசம் இப்போதைக்கு நாலு பேர்: ஆத்தங்குடி தரைக்கல்லோட பூவேலையை லினோவுல (செதுக்க வாகான மெத்துத் தகடு) செதுக்கித் துணியில அச்சடிக்கிற பொண்ணு, கானாடுகாத்தான்ல பூட்டிக்கிடக்குற வீட்டுக் கதவுகளை மட்டுமே எடுக்குற ஒருத்தர், அப்பத்தா பாடுன தாலாட்டை கிட்டார்ல போட்ட தேவகோட்டைப் பையன், பழைய குடும்பப் படங்களை வெட்டி ஒட்டி கொலாஜ் பண்றவர். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

தறிவீடு

நல்ல எண்ணம்தான் அண்ணே. ஆனா இந்த மாதிரிப் பக்கங்களை நெறைய பாத்துட்டோம். எங்க வீடு காரைக்குடி, அப்பா இன்னும் குழித்தறியில உக்காந்து கண்டாங்கி நெய்யுறாரு. போன வருஷம் ஒரு 'சுயாதீன' பிராண்டு அவர் நெஞ்ச சேலையை வச்சுப் படம் எடுத்துப் போட்டாங்க. கேமரா யாரு, மேக்கப் யாரு, நகை யாருது, பிளவுஸ் தச்சது யாரு, வீடு யாருது, எல்லாத்துக்கும் டேக் இருந்துச்சு. சேலைக்கு மட்டும் 'கைவினைஞர்களின் உழைப்பில்'. எங்கப்பா என்ன பேரில்லாதவரா? அந்தச் சேலைக்கு அவர் வாங்குன கூலியை வச்சு அதோட முந்தியைக்கூட வாங்க முடியாது.

புதுத் திறமையைத் தேடுறோம்னு கிளம்புறவங்க தேடுறது எப்பவும் சேலையைக் கட்டுன பக்கத்துலதான். நெஞ்ச பக்கம் யாரும் திரும்புறதில்ல.

சும்மா_பாக்க_வந்தேன்

பித்தளை அண்டாவுக்கும் டேக் போடலையா? அது பாவம் எத்தனை ஷூட்ல நடிச்சிருக்கு.

கோட்டையூர்_கேமரா

அக்கா, கோவம் நியாயந்தான். ஆனா அம்பு வேற ஆள் மேல போகுது. நானும் தனி ஆள். முற்றத்துல எடுக்கணும்னா வீட்டுக்காரங்களுக்கு நாள் வாடகை, லைட்டுக்கு வாடகை. என் கைக்கு வர்ற சேலையில விலைச்சீட்டு இருக்கும், நெஞ்சவர் பேரு இருக்காது. கேட்டா பிராண்டுக்காரங்க 'எங்க சப்ளையர் சொல்ல மாட்டார்'ம்பாங்க. சப்ளையர் ஏன் சொல்ல மாட்டார்னு உங்களுக்கே தெரியும்: பேரு வெளிய போனா நாளைக்கு வேற ஒருத்தர் நேரா வந்து நெசவாளியைக் கூட்டிட்டுப் போயிடுவார்.

இன்னொண்ணு, அந்த முற்றத்துப் படத்தைக் கேலி பண்றது ரொம்ப சுலபம். அதை எடுத்தாத்தான் லென்ஸுக்கு இஎம்ஐ கட்ட முடியுது. எனக்குப் பிடிச்சு எடுக்குறது ஆத்தங்குடியில கல்லு காயுற களம், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு ராத்திரி. அதுக்கு முப்பது லைக் வந்தா பெருசு.

முத்துப்பட்டணம்

தம்பிகளுக்கும் தங்கைக்கும் வணக்கம். வயதானவன், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

செட்டிநாட்டில் அப்பழுக்கில்லாமல் நம்முடையது என்று எதைச் சொல்வீர்கள்? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து. ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைகள் பல ஐரோப்பிய ஓடுகளைப் பார்த்துப் போட்டவை. ஆனால் செய்முறை இங்கே வேரூன்றிவிட்டது. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றுகிறார்கள். சட்டத்தை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. ஆக, வெளியிலிருந்து ஒரு கண் வந்து பார்ப்பதும், எடுத்து மாற்றிப் போடுவதும் நமக்குப் புதிதல்ல. லினோவில் அச்சடிக்கும் அந்தப் பெண் செய்வதும் அதுதான்.

கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலைக் கொட்டான் முடையத் தெரிந்தவர்கள் அருகிப் போய், கல்யாணச் சீரில் பிளாஸ்டிக் கூடை வந்துவிட்ட காலத்தில், விசாலாட்சி ராமசாமி அவர்கள் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை வழியாக அதை மீட்டார். கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்தது, புவிசார் குறியீடும் கிடைத்தது. யாராவது ஒருவர் தேடிப் போய் எடுத்துக்காட்டியதால்தானே இது நடந்தது? பள்ளத்தூர்த் தம்பி நல்ல காரியம் செய்யப் புறப்படும்போது வாசலிலேயே மறிக்க வேண்டாம்.

தறிவீடு

ஐயா, கொட்டான் கதையை எனக்குத்தான் சாதகமா சொல்லியிருக்கீங்க. அங்க முடையக் கத்துக்குடுத்தாங்க, சாயம், அளவு எல்லாம் மறுபடி சரி பண்ணுனாங்க, வேலை குடுத்தாங்க. வருஷக்கணக்கான பாடு அது. முப்பது விநாடி ரீல்ஸையும் அதையும் ஒரே தராசுல வைக்காதீங்க. தேக்கும் சலவைக்கல்லும் காசு குடுத்து வாங்குனதுதானே, டேக் மட்டும் குடுத்து வாங்கலையே.

புவிசார் குறியீடுன்னதும் ஞாபகம் வருது. கண்டாங்கிக்கு 2019லயே கிடைச்சாச்சு. கைத்தறிக்குன்னு ஒதுக்குன ரகத்தை விசைத்தறியில ஓட்டக்கூடாதுன்னு 1985லயே சட்டம் இருக்கு, அந்த ரகத்துல சேலையும் உண்டு. ஆனா ஒரு ரீல்ஸ் ஓடுச்சுன்னா என்ன ஆகுது தெரியுமா? அதே கட்டம், அதே கரை, பத்து நாள்ல விசைத்தறியில அடிச்சு பாதி விலைக்கு வந்துடும். எங்கப்பா அடுத்த பாவுக்கு (தறியில நீளவாக்குல ஓடுற நூல்) இழை பிணைச்சு முடிக்கிறதுக்குள்ள அது கடையில தொங்கும். படம் பிரபலமானதுல யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க.

ஆறுகம்பி_தேவகோட்டை

மேல சொன்ன தாலாட்டுப் பையன் நான்தான். என்னைப் பத்தி நாலு பேருக்குச் சொல்றது எனக்கு வேணும், வெக்கப்படாம சொல்றேன். 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபையில ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல ஆயிரம் தடவை ஓடலைன்னா அதுக்குக் காசே கிடையாது. நான் அந்தக் கோட்டுக்குக் கீழதான். பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கிற தளத்துல ஒருத்தர் பாட்டை விலைக்கு வாங்குனா அவங்க எடுக்குறது நூத்துக்கு பதினஞ்சுதான், ஆனா அங்க வாங்குறதுக்குத் தமிழ் ஆட்கள் எத்தனை பேர் வர்றாங்க? யாராவது ஒரு பக்கத்துல போட்டாத்தான் கேக்குறாங்க.

பேரு விஷயத்துல அக்கா பக்கம்தான். 2021ல 'எஞ்சாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஓடுச்சு. ஆனா ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, பாட்டை எழுதிப் பாடுன ராப் பாடகர் அறிவு இல்ல. சத்தம் போட்டப்புறம்தான் அவருக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. அவ்வளவு பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

தறிவீடு

தம்பி, உன் பாட்டுல அப்பத்தா பேரு போட்டிருக்கியா?

ஆறுகம்பி_தேவகோட்டை

போட்டிருக்கேன்க்கா, பாடியவர்னு. இயற்றியவர்னு போட வந்தப்பதான் சிக்கல். அப்பத்தாவுக்கு அவங்க ஆத்தா சொல்லிக்குடுத்தது, அவங்களுக்கு யாரோ. நடுவுல ரெண்டு வரி அப்பத்தாவே சேத்தது, மாமன் கொழும்புலேர்ந்து பொம்மை கொண்டாருவான்னு. அதுக்கு இயற்றியவர்னு போடலாம். மத்த வரிக்கு என்ன போட?

முத்துப்பட்டணம்

'வழிவழியாக வந்தது' என்று போடுங்கள் தம்பி. பாடியவர் பெயரும் ஊரும் உடன் இருக்கட்டும்.

மெட்ராஸ்_ஆச்சி

ரெண்டு நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். நாலாவதா ஒருத்தரைச் சொன்னீங்களே, பழைய குடும்பப் படத்தை வெட்டி ஒட்டுறவர், அவரைப் பத்திப் பேசணும்.

எங்க ஐயா காலத்து வீடு, இப்ப பங்காளிகள் எல்லாருக்கும் பொது. ஒரு பங்கு சாமான் விக்கும்போது சுவர்ல இருந்த படங்களும் சேந்து போயிருச்சு. சட்டம் பர்மாத் தேக்கு, அதுக்குத்தான் விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல பாத்திருப்பீங்க, கழுத்திரு போட்ட ஆச்சிகள், தலைப்பா வச்ச ஐயாக்கள், கை வண்ணம் தீட்டுன படங்கள், சுவரோரம் சாத்தி வச்சிருக்கும். அப்படிப் போன எங்க பெரியாச்சியோட முகத்தை ஒரு நாள் போன்ல பாத்தேன். கண்ணுக்கு மேல ஒரு தாமரை, வாயில சிகரெட். கீழ 'ஊக்கம் தரும் கலை'ன்னு கமெண்ட் வேற. அவரும் சுயாதீனக் கலைஞர்தான், திறமைசாலிதான், வேலை சுத்தம். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை.

கோட்டையூர்_கேமரா

ஆச்சி, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மறுபக்கமும் இருக்கு. அமெரிக்காவுல விவியன் மேயர்னு ஒருத்தங்க. பிள்ளைகளைப் பாத்துக்கிற ஆயா வேலை, கையில எப்பவும் கேமரா. சாமான் போட்டு வச்சிருந்த இடத்துக்கு வாடகை கட்டலைன்னு 2007ல அவங்க நெகட்டிவ் பெட்டிகள் ஏலத்துக்குப் போச்சு. வாங்குன ஒருத்தர் உலகத்துக்குக் காட்டுனதுனாலதான் இன்னிக்குத் தெருப் படம் எடுக்குற எங்களுக்கு அவங்க பேரு தெரியும். 2009ல இறந்துட்டாங்க. யாருமே எடுக்காம விட்டிருந்தா எல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கும். கடைத்தெருவுல சட்டத்தைக் கழட்டிட்டு படத்தைக் கீழ போடுறாங்க ஆச்சி, பாத்திருக்கேன். கொலாஜ்காரர் அதுக்கு ஒரு உயிர் குடுக்குறார்.

மெட்ராஸ்_ஆச்சி

தம்பி, அந்தம்மா படம் எடுத்தவங்க. அவங்க பேருலதான் அது வெளிய வந்துச்சு. எங்க பெரியாச்சி எடுக்கப்பட்டவங்க, ஸ்டூடியோவுல ஒரு தடவை உக்காந்தது அவ்வளவுதான். எடுத்த ஸ்டூடியோ பேரும் அட்டையோட அடியில அச்சடிச்சு இருந்துச்சு, அதையும் வெட்டிட்டாரு. உயிர் குடுக்குறதா இருந்தா யாருன்னு கேட்டுட்டுக் குடுக்கலாம்ல? நகரத்தாருக்கு ஒன்பது கோயில், கோயிலுக்கு இத்தனை புள்ளின்னு (கல்யாணமான குடும்பம்) கணக்கு வச்சிருக்கிற சமூகம், ரெண்டு பேரைக் கேட்டா மூணாவது ஆள் சொல்லிருவாரு. கேக்கலை.

சும்மா_பாக்க_வந்தேன்

இது வாஸ்தவம். பொண்ணு பாக்கவே மூணு தலைமுறை விசாரிக்கிற ஊரு.

பள்ளத்தூர்_வாசி

ஆச்சி, கொலாஜ்காரரை இப்போதைக்கு நிறுத்தி வச்சுட்டேன், பேசிட்டுச் சொல்றேன். ஆனா அவர் பதிலையும் இங்க போடுவேன், ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவு பண்றது சரியில்ல.

தறிவீடு அக்கா, உங்க எல்லாத்தையும் ஒத்துக்க முடியலை. 'பக்கமே வேணாம்'னு விட்டா விசைத்தறிக்காரனுக்கு அதைவிட வசதி வேற இல்ல. கைத்தறி எது, அடிச்ச துணி எதுன்னு வாங்குறவங்களுக்குச் சொல்ல ஆளே இருக்காது. அதனால இப்படி வைக்கிறேன்: உடுப்பைப் போட்டா நெஞ்சவர், சாயம் போட்டவர், தச்சவர் பேரு வேணும், அவங்க சம்மதத்தோட. பிராண்டு தரமாட்டேன்னா அந்தப் பதிவே கிடையாது. போன் நம்பர் போட மாட்டேன், ஊர் மட்டும்.

கோட்டையூர்_கேமரா

அப்படிப் பாத்தா முதல் ஆறு மாசம் பக்கம் காலியாத்தான் கிடக்கும் தலைவரே. எந்த பிராண்டும் தராது. சின்ன ஆளுங்க, மாசம் இருபது சேலை விக்கிறவங்க, அவங்களைத்தான் இந்தச் சட்டம் முதல்ல அடிக்கும். பெரிய கடைக்காரன் உங்க பக்கத்தை நம்பியா இருக்கான்?

தறிவீடு

காலியா கிடக்கட்டுமே. மாசம் இருபது சேலை விக்கிறவங்களுக்கு நெய்யுறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க, பேரு ஞாபகம் வச்சுக்க முடியாத அளவுக்கா?

கோட்டையூர்_கேமரா

சரிக்கா. அப்ப நேரா கேக்குறேன். உங்க வீட்டுக்கே வர்றேன், முற்றம் வேணாம், மாடல் வேணாம். தறியில அப்பா உக்காந்திருக்கிறதையும், முடிஞ்சா பசை போட்டுப் பாவு ஆத்துறதையும் எடுக்கணும். முதல் பதிவு அதுவா இருக்கட்டும்.

தறிவீடு

அப்பாகிட்ட கேட்டேன். 'படம் எடுத்தா பாவு நூல் விலை குறையுமா'ன்னு கேட்டாரு. அப்புறம் சம்மதிச்சாரு, ஒரு நிபந்தனையோட: நீங்க ஒரு சேலையை முழு விலை குடுத்து வாங்கிட்டுத்தான் கேமராவை எடுக்கணும். குழித்தறிக்கு வெளிச்சம் பத்து மணிக்கு மேலதான் வரும், லைட்டு வச்சா இழை அத்தது கண்ணுக்குத் தெரியாதாம், அதனால லைட்டு கூடாது.

கோட்டையூர்_கேமரா

வாங்குறேன். எங்காத்தாவுக்கு ஆச்சு. மாம்பழக் கலர் இருக்கா?

மெட்ராஸ்_ஆச்சி

கொலாஜ்காரர் பதில் வந்துச்சா தம்பி?

பள்ளத்தூர்_வாசி

இன்னும் இல்ல ஆச்சி. பாத்துட்டாரு, நீல டிக் விழுந்துருச்சு.