ட்ரான்சிஷன்ல (ஹோவர்ல இருந்து பிளேன் மோடுக்கு மாறுறப்ப) பிளேன் பொத்துன்னு இறங்குது, எங்க தப்பு?

பட்டம்விடுறவன்:
வணக்கம் அண்ணன்மாரே. ஃபோம்ல ஒரு குவாட்பிளேன் செஞ்சிருக்கேன், மேல தூக்க நாலு மோட்டார், முன்னாடி இழுக்க ஒண்ணு, ஆர்டுபைலட் (பிளேன ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டது. ஹோவர்ல அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. பிளேன் மோடுக்கு மாத்துனா வேகமும் எடுக்குது, ஆனா நாலு மோட்டாரும் அடங்குற நேரம் பாத்து மூக்கு தொங்கி 10 மீட்டர் இறங்கிடுது. நேத்து வயல்ல விழுந்து ஒரு கை போச்சு (பிளேனோடதுதான்). மினிமம் ஏர்ஸ்பீடு நொடிக்கு 9 மீட்டர் வச்சிருக்கேன். பிஐடி (பிளேன ஆடாம வைக்கிற கன்ட்ரோல் அளவுங்க) மாத்தணுமா?

சுழலி:
பிஐடிய தொடாதீங்க தம்பி. ஸ்டால் (வேகம் பத்தாம ரெக்கை தூக்காம விடுறது) எத்தனைல ஆகுது?

பட்டம்விடுறவன்:
மேல போயி த்ராட்டில் குறைச்சுப் பாத்தேன், வேகம் நொடிக்கு 11 மீட்டர் பக்கம் வந்ததும் விழுது.

சுழலி:
அப்புறம் 9ல எப்படி நிக்கும்? லிஃப்ட் வேகத்தோட வர்க்கத்துல போகும், 11ல முழு எடைய தூக்குற ரெக்கை 9ல மூணுல ரெண்டு பங்குதான் தூக்கும். நீங்க 9ன்னு சொன்னதால அது 9 வந்ததும் போதும்னு நெனச்சு அஞ்சு செகண்டுல மேல் மோட்டார ஒடுக்குது. மினிமம் 14 வைங்க, அசிஸ்ட் ஸ்பீடு (வேகம் இதுக்குக் கீழ போனா மேல் மோட்டார் உதவிக்கு வரும்) 12 வைங்க, காத்தை எதிர்த்து ஓட விடுங்க.

கீழ்க்காத்து:
காத்து வேகத்த அளக்குற பிட்டாட் குழாய் எங்க இருக்குன்னும் பாருங்க ப்ரோ. நான் முன் ரோட்டாருக்கு நேர் கீழ ஒட்டி வச்சு ஒரு மாசம் தலைய பிச்சுக்கிட்டேன், ரோட்டார் காத்தையும் சேத்து தப்புத் தப்பா காட்டும்.

சுழலி:
அதுவும் சரி. பெரிய விமானத்துலயும் இதே கதைதான். ரோட்டாரோட எஞ்சினையே சாய்ச்சுப் பறக்குற ஆஸ்ப்ரே விமானத்துல எஞ்சின் எத்தனை டிகிரி சாஞ்சிருக்கோ அதுக்கு ஏத்த வேகத்துக்குள்ளதான் இருக்கணும், ஹெலிகாப்டர் மாதிரி ரோட்டார் பிளேடால திருப்புறதுல இருந்து ரெக்கை, வால் மடிப்புகளுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமா கை மாத்தி விடும். நேரா மேல எழும்புற ஹாரியர் ஜெட்ல பழைய பைலட்டுங்க, எஞ்சின் காத்து வர்ற திசைய திருப்புற நாசில் லீவர கையாலயே தள்ளுனாங்க, த்ராட்டிலுக்குப் பக்கத்துலயே இருக்கும், மெதுவா போறப்ப மடிப்புகளுக்குக் காத்து பத்தாதுன்னு மூக்கு, வால், ரெக்கை நுனில எஞ்சின் காத்தையே பீச்சி நிமித்துவாங்க.

பட்டம்விடுறவன்:
14 வச்சு, குழாய மூக்குக்குத் தள்ளிட்டேன். மூணு தடவை பறந்தாச்சு, ஒரு மீட்டர்கூட இறங்கல. திரும்பி ஹோவருக்கு வர்றப்பதான் இப்ப மேல எகிறுது அண்ணே 😅