முதல் வரியில் எழுதிய தொகை: ஒரு மருத்துவமனைக்காக நிதி திரட்டிய அனுபவங்கள்

பொருளாளர், காரைக்குடி வட்டாரம்

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தருவதென்று சில ஆண்டுகளுக்கு முன் பதினோரு பேர் கூடிக் குழு அமைத்தோம். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்பதால் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்லப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை எங்களுடையவை, சில அவர்களுடையவை, இப்போது அவற்றைப் பிரித்து எடைபோடுவதில் யாருக்கும் பயனில்லை.

தேவையை ஊருக்கு விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். இங்கிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது முடிந்தது. மறுநாள் களைப்பில் போகும். அதற்கடுத்த நாள் மறுபடியும் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

நிதி திரட்டுவதற்குக் குழுவின் இளைஞர்கள் வெளியூர்களில் பார்த்த ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். நடப்பவருக்கு இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று தெரிந்தவர்கள் வாக்குக் கொடுப்பார்கள். நடந்து முடித்ததும் அந்தப் பணம் மருத்துவமனைக்குச் சேரும். அதை நம் பக்கத்துக்கு ஏற்ப, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுக்கு நடக்கும் நடையாக மாற்றினோம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பதையும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து முடிப்பது, நடந்து சேரும் ஒவ்வொரு கோயிலுக்கும் நூறோ ஐந்நூறோ என்று உறவினர்களிடம் எழுதி வாங்குவது என்பது ஏற்பாடு.

முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் எழுந்து, "தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கிற ஊர் இது, நடப்பது வேண்டுதல், அதற்குக் கூலி பேசலாமா?" என்று கேட்டார். அவர் பல ஆண்டுகள் பழநிக்கு நடந்தவர் என்பதால் எவராலும் சட்டென்று மறுமொழி சொல்ல முடியவில்லை. கோயில் வாசலுக்குள் ஏட்டைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் கடைசியில் இசைந்தார். அவரே மூன்று கோயில்கள் நடந்தார்; தமக்கென்று எவரிடமும் ஒரு ரூபாய்கூட எழுதி வாங்கவில்லை.

நடை நன்றாகவே நடந்தது. வாக்களித்த தொகையில்தான் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. வாங்கிய கடனை நாள் தவறாமல் திருப்பித் தருகிறவர்கள், சொன்ன தருமத்துக்கு மட்டும் "பார்த்துக்கலாம் தம்பி" என்று தொலைபேசியை வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. வாக்குக் கொடுத்தது அண்ணன் மகனுக்கு. அவன் விடுமுறை முடிந்து பெங்களூர் போய்விட்டான். முகம் அறியாத நான் நினைவூட்டுகிறேன். அடுத்த முறை நடைக்கு முன்பே பணத்தை வாங்கிவிட்டோம்.

இதைவிடப் பெரிய தடை நன்கொடை ஏட்டின் முதல் வரி. இந்தப் பக்கம் பெரிய கைகளைப் பார்த்து வளர்ந்தது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த கதையைக் கேட்காமல் காரைக்குடியில் எவரும் பள்ளிக்கூடம் முடித்திருக்க முடியாது. அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: முதல் வரியில் யாராவது பெரிய தொகை எழுதட்டும், அதைப் பார்த்து நாம் நம் தகுதிக்கு எழுதலாம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் எழுதுவதாகச் சொல்லி அனுப்பியது. ஐந்து மாதங்கள் அந்த வரியை வெறுமையாக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி மட்டும் இருந்தது.

அந்தக் காத்திருப்பை உடைத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பலரிடமும் நிதி திரட்டித்தான் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார் என்றும், 1954இல் அது 12 படுக்கைகளோடு தொடங்கியது என்றும் சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி முதல் வரியில் தம் பெயருக்கு நேரே 501 ரூபாய் என்று எழுதினார். அதன் கீழே எல்லாமே சிறிய தொகைகளாகத்தான் விழுந்தன. ஆனால் மூன்று வாரத்தில் ஏட்டில் ஒன்பது பக்கங்கள் நிரம்பின.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் முதல் இரண்டு மாத வசூலை என் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வாங்கினேன். கையாடல் எதுவும் இல்லை என்றாலும், என் வருமானத்தோடு கலந்து கிடந்த அந்தப் பணத்தைப் பிரித்துக் காட்டத் தணிக்கையாளர் முன் மூன்று நாள் உட்கார்ந்தேன். பிறகு எல்லாத் தொகையும் நேரடியாக அறக்கட்டளைக் கணக்குக்கே போகுமாறு செய்தோம். 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்த ஒருவர் வரிவிலக்குச் சான்று கேட்டபோதுதான், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கழிவு கிடையாது என்பதை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று உறைத்தது. அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இயந்திரம் வந்த நாளில் மாலை, குங்குமம், புகைப்படம் எல்லாம் இருந்தன. அதன்பின் நான்கு மாதங்கள் அது துணி போர்த்திக் கிடந்தது. ஏன் என்பதை அங்கே பணியாற்றியவர் எழுதுவதே முறை.

டயாலிசிஸ் தொழில்நுட்பர், பணி ஓய்வு

பொருளாளர் என்னைத்தான் குறிப்பிடுகிறார். இயந்திரம் வாங்கப் பணம் திரட்டியவர்கள் தண்ணீருக்குத் திரட்டவில்லை என்பதே காரணம். மருத்துவமனையும் அதை முன்னதாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் கரைசல் ஓடுகிறது; அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். நான்கு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு 120 லிட்டர். இதற்கும் இரத்தத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்தால் நோயாளிக்குக் குமட்டலும் இரத்த அழுத்தமும் ஏறும். குளோரின் தங்கியிருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, மென்னீராக்கி, ஆர்.ஓ. சவ்வு என்று வரிசையாகக் கடந்துதான் தண்ணீர் இயந்திரத்துக்குள் போக வேண்டும்.

நான் இதைக் குழுவிடம் விளக்கியபோது ஒருவர், "சம்பை ஊற்றுத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த ஊரில் தண்ணிக்கா செலவு?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். நாக்குக்கு இனிக்கும் தண்ணீரிலும் உப்புகள் கரைந்திருக்கும் என்று புரியவைக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பிறகு ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து இன்னொரு சண்டை வந்தது. அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்ட பின்புதான் அடங்கியது.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். நாளுக்கு இரண்டு சுற்று, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஓர் இயந்திரத்தில் 12 முறை சிகிச்சை தரலாம். வாரம் மூன்று முறை தேவைப்படுகிறவர்கள் என்றால் அது நான்கு பேருக்குத்தான் போதும். ஊரே நடந்து வாங்கிய இயந்திரம் நான்கு பேருக்கா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த நான்கு பேருக்கு ஆண்டுக்கு 600 முறைக்கு மேல் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் குழாய், ஊசி, மருந்து, கரைசல், மின்சாரம். இயந்திரத்தின் விலையை ஒரு நாளில் சொல்லிவிடலாம், இந்தச் செலவுக்கு முடிவு தேதி கிடையாது.

பலகாரக் குழுவிலிருந்து, கோட்டையூர்

நடையின் நிறைவு நாளில் பலகாரக் கடை போட்டவர்கள் நாங்கள். தேன்குழலும் மாவுருண்டையும் முந்தைய நாளே தயார். வெள்ளைப் பணியாரத்தைச் சூடாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆழாக்கு நிறையப் பச்சரிசியும் அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்தும் சேர்த்து ஊறவைத்து நைய அரைத்த மாவை ஒரு கரண்டி ஊற்றி, அது எழும்பி, திருப்பி, வெள்ளை மாறாமல் எடுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. கூட்டத்தைக் கண்டு கணக்குத் தப்பிவிட்டது; இரண்டு வாணலிக்கு முன் அறுபது பேர் நின்றார்கள். வரிசையில் நின்றே பலர் உண்டியலில் போட்டுவிட்டுப் பணியாரம் வாங்காமல் போனார்கள்.

எனக்கு வருத்தம் அதில் இல்லை. மேடையில் "பலகாரக் கடையில் 18,000 ரூபாய் இலாபம்" என்று அறிவித்தார்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு எல்லாம் பதினான்கு வீடுகளிலிருந்து வந்தவை. செலவே இல்லாத இலாபம் எங்கே இருக்கிறது? மறுநாள் நேரே போய், "தம்பி, எங்கள் எண்ணெய் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" என்று பொருளாளரைக் கேட்டேன். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு பொருளாக வந்தவை வீட்டுப் பெயரோடு, அன்றைய கடை விலையோடு வரவில் ஏறின. பதினான்கு வீடுகள் இருபத்திரண்டாக ஆனதற்கு அது ஒரு காரணம் என்பேன்.

சிங்கப்பூரிலிருந்து

என் ஐயா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். நான் சிங்கப்பூர்க் குடிமகன். அந்த நடைக்கு ஒன்பது கோயிலுக்கும் சேர்த்து ஒரு தொகையை உற்சாகமாக எழுதினேன், அனுப்பவும் செய்தேன். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. பிறப்பால் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவன் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும், டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தனிக் கணக்கும் அறக்கட்டளைக்கு இருக்க வேண்டும். எங்கள் ஊர் அறக்கட்டளையிடம் இரண்டும் இல்லை. இங்கே என் தெருவிலேயே வேலை பார்க்கும் என் சிற்றப்பா மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். அவருடைய சொந்தச் சேமிப்பு வங்கி வழியாகத் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது.

"அவர் பெயரில் அனுப்பிவிடுங்கள், யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். பொருளாளர் அண்ணன் ஒரே வரியில் மறுத்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நான் விளையாடிய முகப்பும் வளவும் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கின்றன, என் பணம் மட்டும் அந்நியமா என்று எழுதினேன். மருத்துவமனை பதிவுக்கு விண்ணப்பித்த பிறகு அந்தக் கடிதத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பொருளாளர் மீண்டும்

தண்ணீருக்கும் ஊசிக்கும் எப்படிப் பணம் சேர்த்தீர்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். முதலில் பெரிய மனிதர்களிடம்தான் போனோம். இயந்திரத்தில் பெயர் பொறிக்கக் கேட்டவர் மூவர். வடிகட்டிக்குப் பெயர் கேட்டவர் எவரும் இல்லை. அரசுக் காப்பீடு இருக்கும்போது எதற்கு வசூல் என்றும் கேட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அத்திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். எங்களுடையது அப்போது பட்டியலில் இல்லை.

கடைசியில் பழைய வழிக்கே திரும்பினோம். நகரத்தாரில் மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் காரியங்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைப்பார்கள். மாளிகைக்காரருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் தொகை ஒன்றே. மற்றச் சமூகங்களில் தலைக்கட்டு என்பார்கள். மருத்துவமனை ஊருக்கெல்லாம் பொது என்பதால், எந்தத் தெருவானாலும் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வைத்தோம். அதற்கு முதல் வரியும் இல்லை, கடைசி வரியும் இல்லை. தெரு வாரியாக வீடுகள் மட்டும். முதல் ஆண்டு பாதி வீடுகள் கூடத் தரவில்லை.

இரண்டாம் ஆண்டு வசூல் மேசைக்கு, ஆர்.ஓ.வுக்கு முன்னால் பொருத்தும் பஞ்சு போன்ற வடிகட்டி உருளைகள் இரண்டைத் தொழில்நுட்பர் கொண்டுவந்து வைத்தார். ஒன்று புதியது, சலவை வேட்டி வெள்ளை. மற்றொன்று ஒரு மாதம் வேலை செய்தது. நம் செம்மண் நிறம். எவரும் எதுவும் விளக்கவில்லை. பணம் கட்ட வந்தவர்கள் பழைய உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், சிலர் விரலால் தேய்த்தும் பார்த்தார்கள். சம்பை ஊற்றைச் சொல்லி வருத்தப்பட்டவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுமைக்கும் 600 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, கையைத் துடைக்க ஒரு துணி கேட்டார்.