கீழ்ப்படை விருப்பமா, நாட்டமா, தெரிவா?

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கான துணைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நுரையீரல் லிப்பிட்டு (கொழுப்புப் பொருள்) பற்றிய பந்தியில் மாட்டிக்கொண்டேன். நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளின் இரண்டாம் வகைக் கலங்களில் ஒரு நொதியம், பொசுபற்றிடைல்கோலின் என்ற லிப்பிட்டின் இரண்டாம் இடத்திலுள்ள நிரம்பாத (இரட்டைப் பிணைப்புள்ள) கொழுப்பமிலத்தை வெட்டி நீக்குகிறது. இன்னொன்று அந்த இடத்தில் பெரும்பாலும் 16 காபன் கொண்ட நிரம்பிய பாமிற்றிக் சங்கிலியையே பொருத்துகிறது; நிரம்பாத அரக்கிடோனிக் சங்கிலியை அரிதாகவே தொடுகிறது. நொதியம் வினைப்படுத்தும் பொருளே கீழ்ப்படை என்பதால், இந்தப் பாரபட்சத்தைக் 'கீழ்ப்படை விருப்பம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கொட்டாஞ்சேனை தமிழாசிரியர்:
விருப்பம் மனமுள்ளவற்றுக்கே உரியது. 'நாட்டம்' என்று வையுங்கள். நாடு என்பது வினையடி. தேடிச் செல்வதும் ஆராய்ந்து கொள்வதும் அதற்குள் அடக்கம். பழம்பாடல்களில் நாட்டம் கண்ணையும் குறிக்கும். நாடித்துடிப்பும் இதே வேரில் பிறந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். கீழ்ப்படை என்பதோ காலாட்படைக்கு இளையது போல ஒலிக்கிறது. தமிழகத்தாரின் 'தளப்பொருள்' மேல். லகரம் மொழிக்கு முதலாகாது, இலிப்பிட்டு என்று திருத்துங்கள்.

பம்பலப்பிட்டி உயிரியல் ஆசிரியை:
ஐயா, நாடியை விட்டுவிடுவோம். பாடநூலில் இருப்பது கீழ்ப்படை. அதைத் தொட்டால் பரீட்சை மண்டபத்தில் தவிப்பது பிள்ளைகள். இகரம் சேர்த்தாலும் என் வகுப்பில் பிட்டுச் சிரிப்பு ஓயாது.

கல்கிசை உயிரிரசாயன விரிவுரையாளர்:
நாட்டம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. இலத்திரன் நாட்டம் படித்த மாணவர் இதை வெறும் பிணைப்பு வலிமை என்றே எடுத்துக்கொள்வார். இறுகப் பிடிப்பது வேறு, விரைந்து வினைப்படுத்துவது வேறு. இரு சங்கிலிகளையும் கலந்து கொடுத்தால் எதை அதிகம் பொருத்துகிறது என்பதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 'தனித்துவம்' என்றும் எழுதிவிடாதீர்கள்; மற்றதையும் அது சிறிதளவு ஏற்கிறதே. ஆனால் அந்தப் பாரபட்சம்தான் முக்கியம். இரு சங்கிலிகளும் நிரம்பியிருந்தால்தான் மூச்சை வெளிவிடும்போது மூலக்கூறுகள் சிற்றறையின் உட்பரப்பில் படலமாக நெருங்கி அடுக்கி, மேற்பரப்பிழுவிசையைப் பூச்சியத்துக்கு அருகே இறக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் படலம் போதாமல்தான் சிற்றறைகள் ஒடுங்கிவிடுகின்றன. 'கீழ்ப்படைத் தெரிவு' என்பதே என் வாக்கு.

கொட்டாஞ்சேனை தமிழாசிரியர்:
தெரிவு என்றதும் மாகாண சபைத் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது.

பம்பலப்பிட்டி உயிரியல் ஆசிரியை:
வரட்டும் ஐயா. எனக்கும் தெரிவே போதும்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்தார் இரு தடவை அழைத்துவிட்டார்கள். தெரிவையே போடுகிறேன். ஐயாவின் நாட்டம் அடைப்புக்குறிக்குள் வரும்.

கொட்டாஞ்சேனை தமிழாசிரியர்:
அடைப்புக்குறிக்குள் வருவதானால் அதை எடுத்தே விடுங்கள். அது கிடக்க, இழுவிசை என்பது வினைத்தொகைதானே? முந்திய பதிப்பில் நடுவே ஒற்று மிகுந்திருந்தது.