தாமதமாகக் கிளம்பிய விமானத்தை ஏன் வேகமாக ஓட்டுவதில்லை?

நெடுவழி:
போன மாதம் லண்டனிலிருந்து நியூயார்க் போனேன், போயிங் 787. கேட்டிலிருந்து நகரவே 50 நிமிடம் தாமதம். நியூயார்க்கில் இறங்கி டல்லஸுக்கு அடுத்த விமானம் பிடிக்க வேண்டும், அதனால் வழி முழுக்க முன்சீட்டுத் திரையில் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 800 கிலோமீட்டர், அதைத் தாண்டவே இல்லை. டல்லஸ் விமானம் போய்விட்டது, இரவு முழுக்க விமான நிலைய நாற்காலியில்தான். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது அதே வகை விமானம், திரையில் 1,050! அப்படியானால் வேகமாகப் போக முடியும்தானே, போகும்போது ஏன் போகவில்லை? எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். 250 பேருடைய நேரத்தைவிடவா எரிபொருள் பெரிது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
நான் டிஸ்பாட்சர். விமானம் கிளம்புமுன் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. முதலில் அந்தத் திரை விஷயம். அது காட்டுவது தரையை வைத்துப் பார்த்தால் வரும் வேகம். ஓடம் ஆற்றோடு போகும்போதும் எதிர்த்துப் போகும்போதும் துடுப்பு ஒரே மாதிரிதான் போடுகிறோம், கரையில் நிற்பவருக்குத்தான் வேகம் வேறாகத் தெரியும். அட்லாண்டிக் மேல் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த உயரக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, தரைக்கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டி. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. உங்கள் 787-ம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மாக் 0.85, அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம், அதை ஒட்டித்தான் பறந்திருக்கும்.

அந்த 0.85 எப்படி முடிவாகிறது என்றால், காஸ்ட் இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கிறது. ஒரு நிமிடம் பறக்க ஆகும் செலவை (ஊழியர் சம்பளம், மணிக்கணக்கில் வரும் பராமரிப்பு, சில ஒப்பந்தங்களில் வாடகை) எரிபொருள் விலையால் வகுத்தால் வருவது. விமானி அதைக் கணினியில் போடுகிறார். எண் சுழி என்றால் நேரத்துக்கு மதிப்பே இல்லை, எவ்வளவு குறைவாக எரிக்க முடியுமோ அப்படி ஓட்டு என்று பொருள். எண் ஏற ஏற விமானம் வேகம் பிடிக்கும். ஆக நேரத்தை யாரும் மறப்பதில்லை, எரிபொருளோடு ஒரே தராசில்தான் நிறுத்துகிறார்கள்.

தாமதமானால் எண்ணைக் கூட்டுவதும் உண்டு, உங்கள் விமானத்திலேயே கூட்டியிருக்கலாம். கணக்கைப் பாருங்கள். 35,000 அடி உயரத்துக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர் சுமார்தான். மாக் 0.85-ஐ 0.87 ஆக்கினால் கூடுவது 21 கிலோமீட்டர். ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம் எதிர்காற்றில் போகும்போது பத்து நிமிடம் கிடைக்கும், அவ்வளவே. உங்கள் 50 நிமிடத்தை வானத்தில் மீட்கவே முடியாது. இதையும் சொல்லிவிடுகிறேன்: வேகமாகப் போகக் கூடுதல் எரிபொருள் வேண்டும், அதையும் தரையிலேயே ஏற்றியிருக்க வேண்டும், ஏற்றிய எடையைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். ஏழு மணி நேரப் பயணத்தில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் ஐந்தில் ஒரு பங்கு இப்படியே போய்விடும்.

சிறகியல்:
மேலே சொன்னது சரி, ஆனால் 0.87-க்கு மேல் ஏன் போவதில்லை என்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. மெதுவாகப் பறந்தால் எடையைத் தாங்க மூக்கைத் தூக்கிப் பறக்க வேண்டும், அதில் ஒரு இழுவை. வேகமாகப் பறந்தால் காற்று எதிர்ப்பதில் இன்னொரு இழுவை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, அதனால் மெதுவாகப் போனால் மிச்சம் என்பதும் ஓர் எல்லை வரைதான். இதோடு மூன்றாவது ஒன்று: விமானம் ஒலியைவிட மெதுவாகப் போனாலும் இறக்கையின் மேல்வளைவில் காற்று ஒலியைத் தாண்டிவிடும், அங்கே அதிர்ச்சி அலை உருவாகும். அதன்பின் இழுவை படிப்படியாக ஏறாது, சுவர் மாதிரி எழும்பும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை எல்லாம் அந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிவைக்கத்தான்.

அந்தச் சுவரில் மோதியவர்கள் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1960-களின் தொடக்கத்தில் கான்வேர் 990 என்று ஒன்று, மற்ற எல்லோரையும்விட வேகம் என்றுதான் விற்றார்கள். இறக்கைக்குப் பின்புறம் காய் காய்த்த மாதிரி உருளைகள் ஒட்டி அதிர்ச்சி அலையைச் சமாளிக்கப் பார்த்தார்கள். சொன்ன வேகம் வரவில்லை, 37 விமானத்தோடு தயாரிப்பு நின்றது. பிறகு 2001-இல் போயிங் சோனிக் க்ரூசர் என்று அறிவித்தது, மாக் 0.95-க்கும் மேலே. விமான நிறுவனங்கள் அந்த வேகம் வேண்டாம், எரிபொருளைக் குறைத்துக் கொடுங்கள் என்றன. 2002 கடைசியில் அதைக் கைவிட்டுவிட்டு, பழைய வேகத்திலேயே ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக எரிக்கும் விமானம் செய்யலாம் என்று போனார்கள். நீங்கள் ஏறிய 787 அதுதான்! கான்கார்ட் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போய் இரண்டு மாக்கில் பறந்தது, லண்டன் நியூயார்க் மூன்றரை மணி நேரம், ஆனால் 100 பேருக்காக அது சுமந்த எரிபொருள் தொண்ணூறு டன்னுக்கும் மேல். 2003-இல் நின்றது.

கரைசேர்:
ஒரு சின்ன மறுப்பு. காஸ்ட் இண்டெக்ஸைத் தராசு என்கிறீர்கள், ஆனால் அந்தத் தராசில் ஏறுவது நிறுவனத்தின் நேரம்தான். பயணி நாற்காலியில் கழித்த இரவுக்கு விலை போட்டால்தான் ஏறும், பல இடங்களில் போடுவதில்லை. 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலருக்குப் போன சமயத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் ஒவ்வொரு பயணத்தையும் 1 முதல் 3 நிமிடம் நீட்டியது, அந்த ஆண்டில் 4.2 கோடி டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டது. இது நியாயம்தான், மூன்று நிமிடம் யாருக்கும் வலிக்காது. அடுத்த விமானத்தை விடுகிறவருக்குப் பத்து நிமிடம் வலிக்கும்.

ஆனால் வேகமாக வந்தும் பயனில்லாத இடங்கள் உண்டு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குச் சீக்கிரம் வந்தால் பல நேரம் லாம்போர்ன், பிக்கின் மாதிரியான இடங்களுக்கு மேல் வட்டமடிக்க வைப்பார்கள், எரித்த எரிபொருள் வீண். அதனால்தான் 2014-லிருந்து, வரிசை நீளும்போது 350 கடல் மைல் தொலைவில் இருக்கும்போதே மெதுவாக வா என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நெடுவழி:
நன்றி, திரையைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். இன்னொரு சந்தேகம், எதிர்காற்று பலமாக இருந்தால் எரிபொருள் அதிகம் ஆகும், அப்போது வேகத்தைக் குறைப்பார்கள் அல்லவா?

இரவுப்பணி:
நேர்மாறு. எதிர்காற்றில் கொஞ்சம் கூட்டுவோம். மெதுவாகப் போனால் அந்தக் காற்றுக்குள் இன்னும் அதிக நேரம் கிடக்க வேண்டிவரும், ஒவ்வொரு மணி நேரமும் அது உங்களைப் பின்னால் தள்ளும். பின்காற்று இருந்தால் குறைப்போம், காற்றே கொண்டுபோய் விடும். கணினியில் காற்றின் விவரத்தைக் கொடுத்துவிட்டால் அதுவே இந்தத் திருத்தத்தைச் செய்துகொள்ளும்.

கரைசேர் சொன்னதை மறுக்க மாட்டேன். நல்ல கட்டுப்பாட்டு அறையில் இந்த விமானத்தில் டல்லஸுக்கு எத்தனை பேர் மாறுகிறார்கள் என்ற பட்டியல் எங்கள் முன்னால் இருக்கும். இருபது பேர் என்றால் காஸ்ட் இண்டெக்ஸைக் கூட்டச் சொல்வோம், அல்லது அங்கே நிற்கும் விமானத்தைப் பத்து நிமிடம் நிறுத்தி வைப்போம், அது பெரும்பாலும் மலிவு. ஒரே ஒருவர் என்றால் பல நேரம் இரண்டும் நடக்காது. அடுத்த முறை தாமதம் என்று தெரிந்ததும், கிளம்புவதற்கு முன்பே ஊழியரிடம் சொல்லி அடுத்த விமானத்தில் இடம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று இடம் காலியாக இருப்பதும் அப்போதுதான்.