.315 ரைஃபிளுக்கு ஸ்கோப்பும் மவுண்ட்டும்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலைப் பகுதியில், 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கிய அதிகாரத்தின்படி, விளைநிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கான பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கிறேன். கையில் இருப்பது உரிமம் பெற்ற .315 போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் வகை). மரவள்ளித் தோட்டத்தில் அறுபது மீட்டருக்குள்தான் சுட வேண்டியிருக்கும் என்றாலும், டார்ச் வெளிச்சத்தில் இரும்புக் குறிமுள்ளும் பன்றியின் கருத்த முதுகும் ஒன்றாகிவிடுவதால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்த எண்ணுகிறேன்.

மொத்தச் செலவு பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் 3-9x40 ஸ்கோப்பையே (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்குவது, முகப்பு வில்லை 40 மி.மீ.) வற்புறுத்துகிறார் (அவரிடம் இருப்பும் அதுதான்). இந்தத் தூரத்துக்கு இரண்டு மடங்கிலோ அதற்குக் கீழோ தொடங்கும், அகன்ற பார்வைப் பரப்புள்ள ஸ்கோப்தான் உகந்தது என்பது என் எண்ணம். உதைப்பில் புருவம் கிழியாதிருக்க, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டராவது வேண்டும்.

உண்மையான சிக்கல், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்ட்தான். ரிசீவர் (தோட்டா ஏறும் நடு உடற்பகுதி) பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் வகை. மேலே ஸ்கோப்புக்கான துளைகள் இல்லை. துளையிடாமல் பக்கவாட்டில் இறுக்கும் மவுண்ட், தொடர்ந்து சுட்ட பிறகும் குறி மாறாமல் நிற்குமா, அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் துளையிட்டு ரெயில் (ஸ்கோப் வளையங்களைப் பூட்டும் உலோகப் பட்டை) பொருத்துவதே மேலா? 25.4 மி.மீ. ஸ்கோப் குழாய்க்கு எந்த உயரத்து வளையம் வைத்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழாது? இதே வகை ரைஃபிளில் பொருத்திப் பயன்படுத்தியவர்கள், மவுண்ட்டின் படத்துடன் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.