முதலில் வண்டியா, முதலில் படிப்பா?

கண்மாய்க்கரை:
வணக்கம். எனக்குச் செக்கானூரணி பக்கம். இந்த வருடம் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். வேலைவாய்ப்பு முகாமில் 108 ஆம்புலன்ஸுக்கு மருத்துவ உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். சுமார் 50 நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றுவார்கள். ஆனால் என் ஆசை முழுப் பாராமெடிக் ஆவது, அதாவது ஆம்புலன்ஸிலேயே உயர்நிலை அவசர சிகிச்சை கொடுக்கப் படித்தவர். அதற்கு விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. ரெண்டு வருடம் வண்டியில் போய்விட்டு அப்புறம் படி என்கிறார் அப்பா. இப்போதே சேர்ந்துவிடு என்கிறாள் அக்கா. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி டியூட்டி:
அப்பா சொல்வதுதான் சரி, தங்கச்சி. நான் ஆறு வருடமாக உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் இந்த வேலையில் இருக்கிறேன். ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அழைப்பு. பெரியவர் ஒருவருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி என்றால் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும். அந்த வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று கேட்டால் அப்பத்தா "தெரியலையேப்பா" என்று அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில உங்ககிட்ட என்ன பேசினாரு?" என்று கேட்டேன். "மொத பஸ்ஸு ஹாரன் அடிச்சப்ப எந்திரிச்சு வெந்நி கேட்டாரு" என்றார். அந்த ஊருக்கு முதல் பஸ் ஐந்தே கால். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, போகும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டோம். இப்படிக் கேட்க எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை.

ஒத்தக்கடை:
அண்ணே, நீங்கள் செய்தது அருமையான வேலை. ஆனால் நாலரை மணி நேரம் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தானே அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது? அது படிப்பு கொடுத்தது.

நான் வண்டியில் இருந்துவிட்டுப் படிக்கப் போனவன். தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் ரெண்டு வருடம். முதல் வாரமே ஆம்பு பையை, அதாவது மூச்சு விட முடியாதவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பையை, கையில் கொடுத்து "அமுக்குடா" என்றார்கள். பயத்தில் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் நன்றாகச் செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வகுப்பில்தான் தெரிந்தது: நாடித்துடிப்பு உள்ள, வயது வந்த ஒருவருக்கு ஆறு வினாடிக்கு ஒரு மூச்சு போதும். அளவுக்கு மீறிக் காற்றைத் திணித்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடும். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. புத்திக்கு ஏறியது, கைக்கு ஏறப் பல மாதம் ஆனது. பொம்மை மேல் பழகும்போதுகூடக் கை பழையபடியே ஓடியது.

மாட்டுத்தாவணி:
என் சித்தி மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே முதலில் இஎம்டி, அதாவது அடிப்படை அவசர சிகிச்சை உதவியாளர், அதற்கு 150 மணி நேரத்துக்கு மேல் படிப்பு. பாராமெடிக் என்றால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் ஒரு வருடமாவது வண்டியில் இரு என்று மூத்தவர்கள் அவனிடம் சொன்னார்களாம். அவனும் இருந்தான்.

ஒத்தக்கடை:
அதைத்தான் சொல்கிறேன். அங்கே அனுபவம் என்பது பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவனின் அனுபவம். எனக்குக் கிடைத்ததும் அதுவும் ஒன்றா?

ராத்திரி டியூட்டி:
தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை பயிற்சி வாங்கிக்கொண்டுதான் ஏறப்போகிறது. அழைப்பு மையத்தில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டும் செய்யலாம். ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நாலுவழிச்சாலை:
நான் பைலட், அதாவது வண்டி ஓட்டுபவன். மாசி வீதிப் பக்கம் ஒரு சந்து வீடு, மாடியில் நெஞ்சுவலி. படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பவே இல்லை. என்னோடு வந்தவர் புதிது, நன்றாகப் படித்தவர். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான்தான் அந்த வீட்டு மர நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். நோயாளியை அதில் உட்காரவைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக இறக்கினோம். நெஞ்சுவலிக்காரரை நடக்கவிடக் கூடாது என்று என்னோடு வந்தவருக்குத் தெரியும். எப்படி நடக்கவிடாமல் இறக்குவது என்று தெரியவில்லை. பாப்பா, ஒரு வருடமாவது வண்டியில் இருந்துவிட்டுப் போ.

ஒத்தக்கடை:
இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். ரெண்டு வருடம் என்று ஏறியவர்கள் எத்தனை பேர் இறங்கிப் படிக்கப் போனார்கள்? மாதச் சம்பளம் வர ஆரம்பித்ததும் வீட்டில் சீட்டு போடுவார்கள், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் வரும், பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சும் வந்துவிடும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் கண் சொருகும். என்னோடு வண்டியில் இருந்த மூன்று பேருக்குமே படிக்கும் ஆசை இருந்தது. நான் ஒருவன்தான் போனேன்.

ராத்திரி டியூட்டி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே அந்த மாதிரிதான் நின்றுபோனேன்.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி டியூட்டி அண்ணன் கடைசியாக எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், ஒரு வருடம் போதும், அடுத்த வருடம் விண்ணப்பம் போட்டே தீர வேண்டும் என்றார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் சீட்டு எதுவும் சேர மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இன்னும் மனசு இல்லை. திங்கட்கிழமை பயிற்சிக்குக் கிளம்புகிறேன். ஒத்தக்கடை அண்ணே, வண்டியில் நான் தப்பாகப் பழகுகிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்?

ஒத்தக்கடை:
ஒரு நோட்டுப் போடு. டியூட்டி முடிந்ததும் என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று எழுது. 'மூத்தவர் சொன்னார்' என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியாத இடத்தையெல்லாம் கோடு போட்டு வைத்து, டாக்டர் யாரையாவது பார்க்கும்போது கேள். சந்தேகம் என்றால் எனக்கும் தனியாக எழுது, ராத்திரியில் எழுதினாலும் பரவாயில்லை. பிளஸ் டூ மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அசலாக வீட்டிலேயே இருக்கட்டும். நகலை மட்டும் கொண்டு போ.