பொருள்: டெர்மினேட் பொத்தானுக்கு வெள்ளிக்குள் ஒரு சொல்

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். ஒரு கந்தோரில் மேசை மேசையாக அலைந்த லீவு விண்ணப்பமும் கொள்வனவுக் கோப்பும் இனிக் கணினியில் ஓடப் போகின்றன. சிங்களத் திரை தயார். தமிழ் வெள்ளிக்கிழமை போக வேண்டும். பொத்தான்களில் இடைநிறுத்து, தொடர் இரண்டிலும் சண்டையில்லை. ஓடுகிற வேலை முழுவதையும் ஒரேயடியாக அறுக்கும் டெர்மினேட்டுக்கு 'முடி' என்று போட்டிருந்தேன். நேற்றுச் சோதனையில் ஓர் அக்கா தன் பங்கு முடிந்ததென்று அதை அழுத்த, கணக்குப் பகுதியிலும் களஞ்சியத்திலும் நடந்துகொண்டிருந்த வேலையும் சேர்ந்து போய்விட்டது.

தெகிவளையிலிருந்து:
அக்கா மேல் பிழையில்லை. பிபிஎம்என் என்று வேலை ஓடும் வழியைக் குறிகளால் வரையும் முறை இருக்கிறது. அந்த வரைபடத்தில் தடித்த கோட்டில் வெறும் வட்டம் போட்டால் அந்தக் கிளை மட்டும் முடியும், மற்றவை ஓடும். உள்ளே கறுப்பு வட்டம் நிரப்பியிருந்தால் எல்லாக் கிளையும் அந்த இடத்திலேயே அறும். இரண்டுக்கும் 'முடி' என்றால் யார்தான் என்ன செய்வது? 'இரத்துச் செய்' போடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தம்பி, இரத்து அரபிவழி வந்தது. நம்மிடம் சொல் இல்லையா? முடிவுறு தன்வினை, முடிவுறுத்து பிறவினை. துன்புறு, துன்புறுத்து மாதிரி. தானாக முடிவது ஒன்று, நாமாக முடிப்பது மற்றது. இன்னும் சொல்லப்போனால் நிலுவையில் நிற்பதற்கு வினையெச்சம், முடிந்ததற்கு வினைமுற்று என்று இலக்கணமே பெயர் வைத்துவிட்டது. வள்ளுவர் வினையின் எச்சத்தைத் தீயின் எச்சத்தோடு வைத்துப் பேசியது சும்மாவா? முற்று, முற்றல், முற்றுகை... முற்றுகையில் சுற்றி வளைப்பதும் வருகிறது. அதை நாளை தனியாக எழுதுகிறேன்.

தெகிவளையிலிருந்து:
சேர், கந்தோர் டச்சுக்காரன் விட்டுப்போன சொல். அதற்குள் இருந்துகொண்டு இரத்துக்கு மட்டும் கதவடைக்கலாமா? ஆனால் யோசித்தால் இரத்தும் சரிவராது. லீவை இரத்துச் செய்வது கேட்டவர். ஓட்டத்தை அறுப்பது நிர்வாகி. லீவை இரத்துச் செய்ய வேறு பொத்தானே இருக்கிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து:
தொழிலை முடிவுறுத்துவது பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமே இருக்கிற நாடு இது. 'முடிவுறுத்து' என்று கண்டால் என் வேலை போகப்போகிறதென்றுதான் நினைப்பேன்.

வெள்ளவத்தையிலிருந்து:
இன்னொரு தொல்லை. கைபேசியில் 'முடிவுறுத்' வரைக்கும்தான் தெரிகிறது, மிச்சம் பொத்தானுக்கு வெளியே. இரண்டு சொல்லென்றால் மடிந்து இரண்டு வரியில் அடங்குகிறது. அதனால் ஒருவரின் வேலைக்கு 'என் படி முடிந்தது', டெர்மினேட்டுக்கு 'முழுவதும் நிறுத்து'. நாலு பேர் சரி என்று தனியாக எழுதிவிட்டார்கள். இன்றிரவு அனுப்புகிறேன், ஐயா மன்னிக்கவும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நிறுத்தினது திரும்ப ஓடும், பிள்ளை. 100ஆம் இலக்க பஸ் உங்கள் வெள்ளவத்தையில் நிற்கிறது, பிறகு புறக்கோட்டைக்குப் போகிறது. அப்படியானால் உங்கள் 'இடைநிறுத்து'க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என் வாக்கு முடிவுறுத்துக்கே. முற்றுகை பற்றி நாளை.